சுவருக்குள் போன குழாய்

14

போன வாரப் பக்கத்தைக் கிழித்து எதையாவது பொட்டலம் கட்டிவிட்டவர்களுக்கு மட்டும் இந்த நாலு வரி. மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

நம் சலவை நிலையத்து முதலாளிக்கு வரும் துணியில் முக்கால் பங்கு ஒரே ஒரு பெரிய ஹோட்டலுடையது. அந்த ஹோட்டலிலிருந்து போன வருடம் ஒரு கடிதம் வந்தது. தங்களுக்கு வேலை செய்கிற எல்லோரும் ஒரு வருடத்துக்குள் கார்பன் தடத்தில், அதாவது விடுகிற புகையில், கால் பங்கைக் குறைத்தாக வேண்டும். குறைக்காதவர்களுக்குப் படுக்கை விரிப்பு என்ன, ஒரு கைக்குட்டைகூட வராது என்று அதில் எழுதியிருந்தது.

"தடம் விழணும்னா கால்ல அழுக்கு இருக்கணும். நாம அழுக்கை எடுக்கிறவங்க, நமக்கேது தடம்?" என்று முதலாளி வாதாடிப் பார்த்தார். கடிதம் பதில் பேசவில்லை. பொறுப்பை மூத்த மகள் தலையில் கட்டிவிட்டு, தன் பங்குக்குப் புகைபோக்கிக்குப் பச்சை பெயிண்ட் அடித்தார்.

மகள் எதைக் கண்டாலும் அளப்பவள். தண்ணீரை அளந்தாள், டீசலை அளந்தாள், வேன் ஓட்டும் தன் கணவன் போகிற தூரத்தை அளந்தாள், அவன் டீக்கு நிற்கிற நேரத்தையும் அளந்தாள். வீட்டில் அவளுக்கு மீட்டர் என்று பெயர் வைத்து வெகுநாள் ஆகிறது.

பத்து மாதமாக அவள் யாரையும் சும்மா இருக்க விடவில்லை. கொதிக்கக் கொதிக்கத் துவைத்ததை வெதுவெதுப்பாக்கினாள். அரை வயிற்றோடு ஓடிய மெஷின்களுக்கு முழுவயிறு போட்டாள். நீராவி கசிந்த மூட்டுகளையெல்லாம் அடைத்தாள். மூன்று நடை போன வேனை ஒரு நடை ஆக்கினாள். நியாயப்படி மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்க வேண்டும். ஆனால் குறைந்ததோ பத்தில் ஒரு பங்குதான்.

டீசல் எங்கேயோ போகிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

இன்று ஹோட்டலிலிருந்து பரிசோதனைக்கு வருகிறார்கள். மாலை ஐந்து மணிக்குள், குறைத்தாயிற்று என்று அவர்கள் எழுதித் தரும் காகிதம் ஹோட்டலுக்குப் போயாக வேண்டும்.

*

பரிசோதிக்க வந்த அம்மாள் கனத்த பூட்ஸ் போட்டிருந்தார். டீ வேண்டாம் என்றார், நாற்காலி வேண்டாம் என்றார். டீ குடிக்காத அதிகாரியை முதலாளி தம் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"புகைபோக்கியைப் பாருங்கம்மா. பச்சை" என்றார்.

"பார்த்தேன். பெயிண்ட் நல்லா இருக்கு. பாய்லர் எங்க?"

பாய்லர் இருக்கும் இடத்தில் சித்தப்பா இருந்தார். முதலாளியின் தம்பி. முப்பது வருடமாகப் பாய்லரே கதி. நெருப்பருகில் நின்று நின்று, மழைக்காலத்தில் அவர் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் தரை காய்ந்துவிடும் என்பார்கள். நாலு வீட்டுக்காரர்கள் ஈரத் துணியோடு அவரைக் கூப்பிட்டார்கள் என்றுகூடச் சொல்வார்கள். அது பொய். இரண்டு வீட்டுக்காரர்கள்தான்.

இன்று சித்தப்பாவுக்கு வியர்த்திருந்தது. அவருக்கு வியர்த்து மீட்டர் பார்த்ததே இல்லை.

"எல்லா மெஷினையும் நிறுத்துங்க. எல்லா வால்வையும் மூடுங்க. பாய்லர் மட்டும் இருக்கட்டும்" என்றார் பரிசோதகர்.

"எதுக்கும்மா?" என்றார் சித்தப்பா.

"நீராவி எங்கயும் போகலன்னா, பிரஷர் காட்டற முள் அசையக்கூடாது. பத்து நிமிஷம் பார்ப்போம்."

"பத்து நிமிஷமா? பாய்லருக்கு அது பிடிக்காதும்மா. கோவிச்சுக்கும்."

"டேய் தம்பி, மூடுடா" என்றார் முதலாளி.

மூடினார்கள். அந்தக் கூடத்தில் பகல் நேரத்தில் சத்தம் அடங்கி யாரும் கேட்டதில்லை. துணி மடிக்கும் பெண்கள் நாலு பேரும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள்.

முள் இறங்க ஆரம்பித்தது. மூன்றாவது நிமிடத்தில் பாய்லர் தானாகவே இருமி, டீசலைக் குடித்து, மறுபடி எரிந்தது. ஏறிய முள் மறுபடி இறங்கியது. ஊரே சாப்பிட்டுவிட்டுப் படுத்த பிறகும் ஒருத்தன் மட்டும் சமையலறையில் பாத்திரத்தை உருட்டுகிற மாதிரி இருந்தது.

"யாரோ குடிக்கிறாங்க" என்றார் பரிசோதகர்.

மீட்டர் குழாய்களைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். ஆறின குழாய், ஆறின குழாய், ஆறின குழாய். பழைய கம்பளிகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் கையை விட்டவள், "ஸ்ஸ்" என்று இழுத்துக்கொண்டாள்.

"சித்தப்பா, இந்த அலமாரியை ஏன் யாரும் நகர்த்தறதே இல்ல?"

சித்தப்பா மேலே பார்த்தார். மேலே ஒன்றும் இல்லை.

முதலாளியும் பரிசோதகரும் சேர்ந்து அலமாரியைத் தள்ளினார்கள். கட்டைவிரல் பருமனில் ஒரு குழாய் பாய்லரிலிருந்து வந்து, சமர்த்தாகப் பின்சுவருக்குள் போயிருந்தது.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பேசத்தான் மாட்டார்கள். முதலாளியின் தங்கையுடைய மெழுகுவர்த்திப் பட்டறை.

பதினோரு வருடத்துக்கு முன் அப்பன் சொத்தைப் பிரித்தபோது, புகைபோக்கியின் அடிக்கட்டு தன் பாகத்துக்குள் எட்டு அங்குலம் வந்திருக்கிறது என்றாள் தங்கை. இல்லவே இல்லை என்றார் அண்ணன். சுவர் எழும்பியது, பேச்சு நின்றது. அங்குலத்துக்கு ஒரு வருடம் நாலரை மாதம் ஆகிறது என்று மீட்டர் ஒருமுறை வகுத்துச் சொல்லி, அப்பாவிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"சுவர் கட்டின அன்னிக்கே இந்தக் குழாயை வெட்டச் சொன்னேனாடா இல்லையா?" முதலாளியின் குரல் பாய்லரை மிஞ்சியது.

"சொன்னீங்கண்ணே. வெட்டத்தான் போனேன். தொட்டுப் பார்த்தா சூடா இருந்துச்சு. ஆறட்டும், வெட்டிக்கலாம்னு விட்டேன்."

"அப்புறம்?"

"ஆறவே இல்லண்ணே."

துணி மடிக்கும் பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்க முகத்தைத் தலையணை உறையில் புதைத்துக்கொண்டாள்.

"மிச்சப்படற ஆவிதானேண்ணே! எப்படியும் பாய்லர் எரியுது. அக்கா நாலு மெழுகு உருக்கிக்கிட்டா என்ன குறைஞ்சுடப் போகுதுன்னு..."

"மிச்சமா?" என்றாள் மீட்டர். "சித்தப்பா, ஆவி என்ன ஆத்துத் தண்ணியா, அதுபாட்டுக்கு ஓடிட்டிருக்க? அங்க ஒரு பாத்திரம் உருகணும்னா இங்க டீசல் எரியணும். பத்து மாசமா நான் சொட்டுச் சொட்டா மிச்சம் பிடிச்சேன். நீங்க அந்தப் பக்கம் குடம் குடமா ஊத்தியிருக்கீங்க!"

இன்னொன்றும் அவளுக்குப் புரிந்தது. அத்தையின் பட்டறை வாசலில் ஒரு மரப் போர்டு உண்டு. 'புகையில்லாப் பட்டறை'. வியாபாரிகள் சங்கம் கொடுத்தது. அடுப்பே இல்லாமல் மெழுகு உருக்குகிற பட்டறை என்று பேர் பரவி, இந்த வருடம் அங்கே வியாபாரம் சூடு பிடித்திருந்தது. அந்தப் போர்டைச் சொல்லித்தான் அப்பா தினம் அவளைக் குத்துவார்: "அந்தப் பக்கம் பாரு. உன்னை மாதிரி அளந்துக்கிட்டேயா இருக்காங்க? புகையே இல்லாம நடத்தறாங்க."

புகை இல்லாமல் இல்லை. புகை இங்கே இருந்தது. பச்சை பெயிண்ட் அடித்த புகைபோக்கி வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம், பாய்லரின் இருமல் என்று எல்லோரும் நினைத்திருந்தது. தினம் காலை எட்டு மணிக்கு 'டங்' என்று ஒரு சத்தம். நாலு மணிக்கு 'டங் டங்' என்று இரண்டு. அதற்கு முதலாளி மூன்று மெக்கானிக்குகளைக் கூப்பிட்டிருந்தார். உள்ளே உப்பு படிந்திருக்கிறது என்றார் ஒருவர். குழாயில் தண்ணீர் மோதுகிறது என்றார் அடுத்தவர். பாய்லருக்கு வயசாகிவிட்டது, பேச்சுத் துணைக்கு ஏங்குகிறது என்றார் மூன்றாமவர். யோசித்துப் பார்த்தால் மூன்றாமவர்தான் உண்மைக்குக் கிட்டே வந்தவர்.

"காலைல நான் ஒரு தட்டு தட்டினா, ஆவி வருது, வால்வைத் தொறன்னு அர்த்தம்" என்று ஒப்புக்கொண்டார் சித்தப்பா. "சாயங்காலம் அக்கா ரெண்டு தட்டு தட்டினா, போதும்னு அர்த்தம்."

பரிசோதகர் நிதானமாகப் பேனாவை மூடினார். "இதுக்கு வழி இருக்கு. அடுத்தவங்களுக்குக் கொடுக்கிற நீராவி உங்க கணக்குல வராது. போன வருஷம், இந்த வருஷம் ரெண்டுலயும் அதைக் கழிச்சுட்டா, உங்க வேலைக்கு எரிஞ்சது மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கும்னுதான் தோணுது. ஆனா வாங்கிக்கிறவங்க, 'ஆமா, இது என் பங்கு'ன்னு கையெழுத்து போடணும்."

"போட்டா அவங்களுக்கு என்ன ஆகும்?" என்றாள் மீட்டர்.

"புகை அவங்களுது ஆயிடும்."

அதாவது, போர்டு இறங்க வேண்டும்.

"நான் போய்க் கேக்க மாட்டேன்" என்றார் முதலாளி, யாரும் போகச் சொல்வதற்கு முன்பே.

*

நடுவில் ஒரே ஒரு சுவர்தான். ஆனால் தெரு வழியாகச் சுற்றிப் போனால் பன்னிரண்டு நிமிடம். மீட்டர் அளந்தாள்.

அத்தை நீராவி சுற்றி ஓடும் பெரிய பாத்திரத்திலிருந்து மெழுகை மொண்டு அச்சுகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வரிசை வரிசையாகத் திரிகள் தொங்கின. நிமிர்ந்து பார்த்தவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"வாடி மருமகளே. பதினோரு வருஷத்துல நல்லாத்தான் வளர்ந்திருக்கே, அகலத்துல. உக்காரு. அதுல இல்ல, அது இன்னும் காயல."

மீட்டர் உட்கார்ந்தாள். காகிதத்தை நீட்டி, ஹோட்டல், டீசல், ஐந்து மணி என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். போர்டைப் பற்றியும் சொன்னாள். பொய் சொல்லத் தெரியாதவர்களுக்கு உள்ள கஷ்டம் அது, பாதியில் நிறுத்தத் தெரியாது.

அத்தை நாலு அச்சு ஊற்றி முடித்தாள். பிறகு சிரித்தாள்.

"போர்டு போனா போகட்டும். உங்கப்பன் பதினோரு வருஷமா ஆவி அனுப்பறான். நான் ஒரு கையெழுத்து போட மாட்டேனா?"

மீட்டருக்குத் திக்கென்றது.

"வாயைத் தொறந்து பேச மாட்டான். அது அவன் பிறவிக் குணம். ஆனா தினம் காலைல எட்டு மணிக்கு டாண்ணு ஒரு தட்டு. சரி, நம்மகிட்டதான் பேசல, ஸ்பேனர்லயாவது பேசறானேன்னு இருந்தேன். என் வீட்டுக்காரர் போனாரே, அன்னிக்குக்கூட அவன் வரல. மறுநாள் காலைல தட்டினான். அது போதும்னு இருந்தேன். பேனா கொடு."

மீட்டர் பேனாவைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்து ஹோட்டலும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அத்தை..."

"என்ன?"

"அந்தக் குழாயை வெட்டாம விட்டதே அப்பாவுக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

கரண்டியிலிருந்து மெழுகு சொட்டியது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ தட்டினது?"

"சித்தப்பா."

"பதினோரு வருஷமும்?"

மீட்டர் தலையாட்டினாள்.

அத்தை கரண்டியை மெதுவாக வைத்துவிட்டுச் சுவரோரம் போனாள். வால்வைத் திருகினாள். நின்றுபோகும்வரை திருகி, அதற்கு மேலும் அரைத் திருகு திருகினாள். குழாயின் மேல் கிடந்த கட்டையை எடுத்து இரண்டு தட்டு தட்டினாள்.

"கெளம்பு மருமகளே. இனிமே எனக்கு ஒருத்தன் ஆவியும் வேணாம். உங்க கணக்கு சரியா வந்துடும், போ. மெழுகு இறுகறதுக்குள்ள இந்த அச்சையாவது ஊத்தி முடிக்கணும்."

பாத்திரத்தின் மேல் ஏற்கெனவே வெள்ளை ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது.

*

மீட்டர் திரும்பி வந்தபோது சலவைக்கூடத்தில் கல்யாணக்களை. முதலாளி பிரஷர் முள்ளின் முன்னால், பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் நின்றிருந்தார். முள் அசையவில்லை. பாய்லர் இருமவில்லை.

"பாத்தியா! அவளே மூடிட்டா. மத்தியானமே ரெண்டு தட்டு! கையெழுத்தும் வேணாம், ஒரு மண்ணும் வேணாமாம், இந்தம்மாவே சொல்லிட்டாங்க."

"குழாயை வெட்டி அடைச்சுட்டா நான் இப்பவே எழுதிக் கொடுத்துடுவேன்" என்றார் பரிசோதகர். "அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு."

"கேட்டியா? ஹோட்டல் நம்ம கையை விட்டுப் போகாது. டேய் தம்பி, ரம்பத்தை எடு. இப்ப ஆறியிருக்கும்."

சித்தப்பா ரம்பத்தை எடுக்கவில்லை. மீட்டரின் முகத்தைப் பார்த்தார். "கண்ணு, அக்கா ஏன் வால்வை மூடுனா?"

மீட்டர் சொன்னாள். போர்டு போனால் போகட்டும் என்றதைச் சொன்னாள். ஸ்பேனரில் பேசுகிறான் என்றதைச் சொன்னாள். மாமா இறந்த மறுநாள் காலைத் தட்டையும் சொன்னாள்.

முதலாளி முள்ளைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மடித்து வைத்த விரிப்புக் கட்டின் மேல் உட்கார்ந்தார். துவைத்த துணிமேல் உட்கார்ந்தவர்களை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார் அவர்.

"நான்னு நெனச்சாளா?"

"ஆமாப்பா."

"பதினோரு வருஷமும்?"

"அத்தையும் இதையேதான் கேட்டாங்க."

பரிசோதகர் அன்று முதல் தடவையாக ஒரு டீ கேட்டார்.

முதலாளி எழுந்தார். பாய்லரருகே ஆணியில் தொங்கிய பெரிய ஸ்பேனரை எடுத்தார். சித்தப்பாவின் ஸ்பேனர் அது. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார், அடி தனக்குத்தான் என்று. முதலாளி அவரைத் தாண்டிச் சுவரோரம் போய்க் குழாயை ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

சித்தப்பாவின் தட்டு கதவைத் தட்டுவது மாதிரி இருக்கும். இது கதவை உடைப்பது மாதிரி இருந்தது. சுவரிலிருந்து ஒரு கை பூச்சு உதிர்ந்தது.

"அண்ணே, ஒரு தட்டுன்னா 'தொற'ன்னு அர்த்தம்."

"தெரியும்டா. நீதானே சொன்னே."

"எங்க ரெண்டு பேருக்கும் எட்டு மணிக்குத்தான் வழக்கம். இப்ப மணி மூணு."

"அதனாலதான் அது நீ இல்லன்னு அவளுக்குத் தெரியும்."

எல்லோரும் முள்ளைப் பார்த்தார்கள். துணி மடிக்கும் பெண்கள் நாலு பேரும் வந்து நின்று பார்த்தார்கள். வேனைக் கொண்டுவந்து நிறுத்திய மாப்பிள்ளை, என்ன ஏது என்று கேட்காமல் அவரும் பார்த்தார்.

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். முள் ஆணி அடித்ததுபோல் நின்றது.

பிறகு ஒரு மயிரிழை இறங்கியது.

இன்னொரு மயிரிழை. சரசரவென்று இறங்கியது. பாய்லர் ஒருமுறை கனைத்து, டீசலைக் குடித்து, திகுதிகுவென்று எரிந்தது. அந்தச் சலவைக்கூடத்தில் டீசல் கூடுதலாக எரிந்ததற்கு முதலாளி சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான்.

"இப்ப உங்க நம்பர் மறுபடி கெட்டுப்போச்சு" என்று ஞாபகப்படுத்தினார் பரிசோதகர், டீயை ஊதியபடி. "கையெழுத்து வேணும்."

"வாங்கிட்டு வரேன்."

"போர்டை இறக்கச் சொல்லிக் கேக்கப் போறீங்களாப்பா?" என்றாள் மீட்டர்.

"சும்மா போய்க் கேட்டா செருப்பாலதான் அடிப்பா." முதலாளி சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தார், காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். பிறகு மகளின் மேஜை இழுப்பறையைத் திறந்து அவளுடைய அளவு டேப்பை எடுத்துக்கொண்டார்.

"டேப்பு எதுக்குப்பா?"

"அந்தப் புகைபோக்கி அடிக்கட்டு."

"எட்டு அங்குலமா?"

"அவ எட்டுன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்கா." அவர் யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்கு நடந்தார். "பதினொண்ணு. சுவர் கட்டின அன்னிக்கே நான் அளந்தேன்."

பச்சைப் புகைபோக்கியின் நிழலைக் கடந்து தெருமுனையில் திரும்பி மறைந்தார்.

மீட்டருக்குத் தன்னையறியாமல் கணக்கு ஓடியது. அங்குலத்துக்கு ஒரு வருடம். மிச்சமில்லாமல் வகுபட்டது.

மணி மூன்று பத்து. போக மட்டும் பன்னிரண்டு நிமிடம்.

"அக்கா போர்டை இறக்குவாளா கண்ணு?" என்றார் சித்தப்பா.

அவள் பதில் சொல்வதற்குள் குழாய் வழியாகச் சத்தம் வந்தது. இது ஸ்பேனர் இல்லை, கட்டையும் இல்லை. அந்தப் பக்கம் யாரோ சுத்தியலை எடுத்திருக்கிறார்கள். மரத்தின் மேல் விழுகிறது அடி. ஆணியை அடிக்கிறார்களா, பிடுங்குகிறார்களா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.